சித்தப்பாவைச் சுரண்டிய ஓவியர்

அந்தப் பிரெஞ்சு ஓவியர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய வான் வண்டி ஒன்றில் நாடு நாடாகப் போய், வெட்டவெளியில் நின்று இயற்கைக் காட்சிகளை வரைவதுதான் அவருடைய பிழைப்பு. வடக்கே கடலையும் மலையையும் வரைந்து முடித்து ஒஸ்லோவுக்கு வந்தவர், எத்தனையோ காடும் ஏரியும் இருக்க, நகரின் ஓரத்து அம்மருட்டில் எங்கள் மாடிக் கட்டடத்துக்கு எதிரே வந்துதானா முக்காலியை விரிக்க வேண்டும்? எனக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை. நாள் முழுக்க அவருக்குப் பின்னால்தான் நின்றேன்.

எங்கள் வீட்டில் அப்போது சித்தப்பாவும் இருந்தார். வடகோடி ஹம்மர்பெஸ்ட் ஊரின் மீன் ஆலையில் கை விறைக்க வேலை வாங்கிய நாடு, விசா மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டது. பிடித்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பாவைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது என்பதுதான். காலையில் தேநீரோடு பால்கனியில் வந்து நிற்பார். அது ஒன்றுதான் அவருக்கு வெளிக்காற்று.

ஒருநாள் ஓவியர் நாலைந்து தீற்றலில் அவரையும் படத்தில் நிறுத்திவிட்டார். ஓர் ஆள் நின்றால்தான் கட்டடத்தின் உயரம் தெரியுமாம். நகத்தளவுதான், ஆனாலும் இடுப்பில் கட்டிய நீலச் சாரமும் வழுக்கையும் கோப்பையுமாக அச்சு அசல் சித்தப்பா! மூச்சிரைக்க மாடியேறி ஓடினேன்.

"அம்மா, சித்தப்பாவைப் படத்திலை கீறியிருக்கிறார்! எல்லாரும் பாக்கக் கண்காட்சியிலை வைக்கப் போறாராம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் எழுந்து கீழே எட்டிப் பார்த்தார்.

அம்மா சுடச்சுட ரோல்ஸ் எடுத்துக்கொண்டு கீழே போனார். ஓவியரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் பால்கனியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, காயாத வண்ணத்தைக் கத்தியால் சுரண்டி, சித்தப்பாவைப் பழந்துணியில் துடைத்துவிட்டார்.

"ஏன் அழிச்சனீங்கள்?" என்று தமிழிலேயே கத்தினேன். அம்மாவோ எனக்காக ஒரு வார்த்தை பேசாமல், அவருக்கு இன்னொரு ரோல்ஸை நீட்டினார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவருக்கு உபசாரம் வேறு!

சித்தப்பாவிடம் அழுதுகொண்டே முறையிட்டேன்.

"விடு பிள்ளை, அவர் நல்ல மனுசன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளிலிருந்து சித்தப்பா பால்கனிப் பக்கமே போகவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, உள்ளே இருந்தே தேநீர் குடித்தார். வாயளவில் நல்ல மனுசன் என்று சொன்னாலும், அவருக்கும் ஓவியரோடு கோபம்தான் என்று நினைத்தேன். வீட்டில் ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆறுதல்.