கோயில் மைக்கில் சொல்லாத சாவு

அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் எழுதுவது கோணலாகத்தான் இருக்கும். பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எல்லா லயத்துச் சனமும் கைக்காசு போட்டுக் கோயிலில் எதிர்மலை வரை கேட்கிற ஒலிபெருக்கி வைத்தோம். சாவு, டாக்டர் வரும் நாள், காணாமல் போன மாடு, எதுவானாலும் இலவசமாகச் சொல்வது என்று பேச்சு. ஆள் முகம் பார்த்துப் பேசக் கூசுகிற நான் மைக்கில் மட்டும் வாசிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி லயத்துக்காரர் ஓடி வந்து கோயில் வாசலுக்கு வெளியே நின்றார். அவர் மனைவி விடியலில் இறந்திருந்தாள். "தங்கச்சி, ஒரு தடவ சொல்லிருங்க. அவ தம்பி எதிர்மலை டிவிசன்ல இருக்கான். நடந்து போய்ச் சொல்ல அரை நாளாகும். பொழுது சாயுமுன்ன எடுக்கணும், அவன் மொகம் பாக்கணும்."

கோயில் கமிட்டித் தலைவர் மைக்கைக் கையால் மறைத்தார். "அவங்க சாதிச் சாவையெல்லாம் சாமி மைக்கிலயா சொல்றது? தப்படிக்கிறவங்கதானே, அடிச்சுச் சொல்லிக்கட்டும். நீ எங்க மக சடங்கு சேதிய வாசி, புள்ள." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வாசித்தேன். எல்லாரும் சடங்குக்கு வந்து சாப்பிட்டுப் போகும்படி மூன்று தரம் வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் காசும் போட்டு வாங்கிய மைக் அது. அந்தத் தலைவரை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. வாசித்த என் வாயை நினைத்தாலும்தான்.

தம்பி வருவதற்குள் புதைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். குழிமேட்டிலாவது அவன் நின்றானா, தெரியாது. எதிர்மலையில் பழைய ஆட்கள் இருந்தால், யாராவது விசாரித்து இதைச் சரிபாருங்கள்.