எல்லாருக்கும் ஒரே குப்பி

முதலில் வந்தது வலி. இடது புட்டத்தில் ஊசி ஏறிய இடம் கல்லாய்க் கட்டிக்கொண்டது. பைக்கில் உட்கார முடியவில்லை. திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் சீசன் நேரம், லீவு கிடைக்காது. மெஷின் முன்னால் ஒற்றைக் காலில் நின்றே வேலை பார்த்தேன்.

மாஸ்டரிடம் சொன்னேன். எங்கள் ஜிம்மை நடத்துகிறவர். ஊசி போடுகிறவரும் அவரே.

"எண்ணெ மருந்துல்லா, கட்டத்தான் செய்யும். வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சுடுதண்ணி ஒத்தடம் குடு" என்றார்.

நம்பித் தொலைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆணழகன் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தேன். முட்டையும் கறியும் தின்று வராத புஜம் ஸ்டீராய்டு ஊசியில் கிடுகிடுவென்று வந்தது. சொந்தக்காரர்கள் கையைப் பிடித்துப் பார்த்துப் பூரித்தார்கள். எவரும் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. என் கூட்டாளி செல்வமும் போட்டுக்கொண்டான். அவன் பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். மாஸ்டரின் மேசை டிராயரில் ஒரு குப்பி, ஒரு சிரிஞ்சு. யார் வந்தாலும் அதுதான். நடுவில் சுடுதண்ணீரில் ஓர் அலசல். குப்பியின் லேபிளில் கலர் விலகி, எழுத்துக்கு இரட்டை நிழல் விழுந்திருந்தது. எங்கள் அச்சகத்தில் அப்படி ஒரு தாள் வந்தால் கிழித்து வேஸ்டில் போடுவோம். அந்த லேபிள் ஒட்டிய மருந்தை உடம்புக்குள் ஏற்றிக்கொண்டேன்.

காய்ச்சலில் பல் கிட்டியபோது விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சீழ்க்கட்டி (தசைக்குள் கிருமி புகுந்து சீழ் கோத்துக்கொள்வது) என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டரம்மா. அன்றே கீறிச் சீழை எடுத்தார்கள்.

"அந்தக் குப்பியில வேற யாருக்கெல்லாம் போட்டாங்க?" என்று கேட்டார். "ஹெபடைடிஸ் (ஈரலைத் தாக்கும் தொற்று), எச்.ஐ.வி. எல்லாம் பார்க்கணும். இப்ப ஒரு தடவை, கொஞ்ச மாசம் கழிச்சு மறுபடியும். அவங்களையும் வரச் சொல்லுங்க."

அம்மா விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் திரி வைக்கிறாள். வார்டு என்றும் பார்க்காமல் கத்தினாள்.

"ஏலே, செல்லை வெளியில வச்சுட்டு, மேலுல இருக்க கரண்டு இறங்கத் தகட்டுல கையை வச்சு எடுத்துட்டு, எம்புட்டு சூதானமா உள்ள போறோம் தினமும்! நீ எவனோ குத்துனான்னு திரும்பி நின்னிருக்கியே!"

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"எனக்கும் லேசாக் கட்டியிருக்குலே. ஒத்தடம் குடுக்கேன். மாஸ்டர் சொல்லிருக்காருல்லா" என்றான். உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

இதைப் படிக்கிற தம்பிகளுக்கு நேராகவே சொல்கிறேன். டாக்டர் எழுதாத ஊசியைப் போடாதீர்கள். போட்டுவிட்டீர்களா? அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கிக்கொண்டே போனால் தேய்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே எதையும் மறைக்காதீர்கள். ஊசியையோ குப்பியையோ பங்கு போட்டிருந்தால் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புது ஊசி வாங்கினால் போதும் என்று எவனாவது சொன்னால், குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று அவனையே கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆட்டோவை ஜிம்முக்கு விடச் சொன்னேன். செல்வம் பெஞ்சில் குப்புறப் படுத்திருந்தான். முகம் காய்ச்சலில் பளபளத்தது.

"வாலே. உனக்கு ஒத்துக்கலைன்னா மருந்தைக் குத்தம் சொல்லலாமா?" என்றார் மாஸ்டர்.

மேடைக்காக நாங்கள் உடம்பைக் காட்டிப் பழகுகிற கண்ணாடியின் முன்னால் போய்த் திரும்பி நின்று கைலியை இறக்கினேன். கட்டின் ஓரத்தைப் பிரித்தேன். செய்யக்கூடாத காரியம்தான், செய்தேன். பஞ்சுத்துணி திணித்த குழியை எல்லாரும் பார்த்தார்கள்.

"ஒத்தடம் குடுத்தது இதுக்குத்தாம்லே" என்றேன்.

செல்வம் தலையைத் தூக்கிப் பார்த்தான். "என்னால எந்திரிக்க முடியலலே" என்று அழுதான். டம்பெல்லைக் கீழே போட்டுவிட்டு நாலு பேர் வந்து அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். மாஸ்டர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அன்றே செல்வத்துக்கும் கீறினார்கள். பிழைத்தான்.

மாஸ்டர் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். ஜிம் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

புண் அடியிலிருந்துதான் ஆற வேண்டுமாம். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிடாமல் தினமும் துணி திணிக்கிறார்கள். இதை அவசரப்படுத்த ஊசி கிடையாது. ஊசியை நம்பி உடம்பு ஆண் ஹார்மோனைத் தானாகச் சுரப்பதை நிறுத்திவிட்டது. அது திரும்பவும் நாளாகும் என்கிறார்கள். கை மெலிந்துவிட்டது, எப்போதும் அசதி. முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதற்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அதுவரை இந்த உடம்பு என்னுடையதா என்றே தெரியவில்லை. என் தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வைத்தேன்.

அம்மா பார்த்தாள். என் தட்டிலிருந்தே ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டாள்.

"சோத்துல ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. பேசாமத் தின்னு."