இண்டைக்கு ஆருக்குப் பாடினவர்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் மாடிப்படியில் இரண்டு வாசம் மோதும்... ரஷேல் வீட்டு மீனில் சீரகமும் உள்ளியும். எனக்கு வெள்ளியில் மரக்கறிச் சாப்பாடு, அதனால் சாம்பாரில் பெருங்காயம்.

2010. பரிஸ் நகரத்து மார்க்ஸ் டோர்மோயில் மூன்றாம் மாடி. யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து ஒரு வருஷம். பக்கத்து வீட்டில் ரஷேலும் அவள் கணவர் அல்பேரும். வட ஆபிரிக்காவின் தூனிஸில் பிறந்த யூதர்கள். இடையில் சுவர் என்று பெயர்தான்... அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் இருந்து "நூறு" சொல்லலாம்.

பொழுதுபட முன், ரஷேல் அவர்களின் ஓய்வுநாளுக்கு மெழுகுதிரி ஏற்ற முன், அல்பேர் ஒரு பாட்டை ராகமாக வாசிப்பார். அவர்கள் வேதத்தில் உள்ள காதல் பாட்டாம். கன்னம், கழுத்து, மாதுளை என்று ரஷேல் சொல்லச் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது.

"வேதத்திலையோ இது?"

"காதலன் கடவுள். அந்தப் பொம்பிளை எங்கட சனம்."

அவள் பேசியது பிரெஞ்சு. எனக்கு நினைவில் எல்லாம் தமிழாகவே கிடக்கிறது. எங்கள் கோயில் பாட்டுகளிலும் சாமிக்காக ஏங்கி மெலிகிற பெண் உண்டே, அதனால் சட்டென்று பிடிபட்டது.

ஆனால் ரஷேலிடம் இன்னொரு விளக்கமும் இருந்தது. "இண்டைக்கு ஆருக்குப் பாடினவர்?" என்று கேட்பேன். சமாதானம் என்றால் "எனக்கு" என்பாள். சண்டை என்றால் "கடவுளுக்கு!" கதவையும் படாரென்று சாத்துவாள்.

ஒருமுறை தொடர்ந்து நாலு வெள்ளி "கடவுளுக்கு". அவளை ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டை விட்டுவிட்டு இருவரும் மர்செய் நகரில் மகளோடு போய் இருப்பதாக அல்பேர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் வெள்ளி ரஷேல் என் குசினியில் வந்து உட்கார்ந்தாள். "ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டை போறன். இனி வரமாட்டன்."

பரிஸில் அப்போது எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அல்பேர் தொடங்கினார். ரஷேல் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டில் ஓரிடம் வரும். காதலன் வந்து கதவைத் தட்டுவான், அவள் எழும்பச் சுணங்குவாள், திறந்தால் ஆளைக் காணவில்லை... கடவுள் கூப்பிட்டபோது நாங்கள் சோம்பியிருந்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தமாம். ரஷேல் முன்பே சொல்லியிருந்தாள்.

"கதவு தட்டுற இடம்," என்றாள் மெல்ல.

அங்கேதான் அல்பேரின் குரல் நின்றது. காத்திருந்தோம். தொடரவில்லை.

"ஏன் நிப்பாட்டினவர்?"

கேட்டுக்கொண்டே எழுந்து போனாள்... செருப்பைக்கூடப் போடவில்லை. அவர்கள் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விம்மல், யாருடையதென்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இந்தப் பக்கம் நானும் அழுதேன், சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மர்செய்க்கு அவர்கள் போகவேயில்லை.

இப்போது நான் பரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கிறேன். நல்ல தடித்த சுவர்... அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அல்பேர் காலமாகி இரண்டு வருஷம். ரஷேல் அதே மூன்றாம் மாடியில்தான். மெழுகுதிரி ஏற்றினால் பிறகு டெலிபோன் தொடமாட்டாள், அதனால் வெள்ளி மத்தியானமே வேலையிடத்திலிருந்து எடுத்துக் கதைப்பேன். அந்தப் பாட்டை இப்போது அவளே வாசிக்கிறாளாம்.

போன கிழமை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இண்டைக்கு ஆருக்கு?"

"அல்பேருக்குத்தான்," என்றாள். "கடவுள் வேணுமெண்டா பக்கத்திலை இருந்து கேக்கட்டும்."