கானாங்கோழிகள் வராத வாரம்

விடிந்ததும், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசர் ஐயா மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியின் பின்கதவைத் திறந்து, கோப்பிக் குவளையோடு படியில் உட்கார்ந்துவிடுவார். உதவிக்கு இருந்த நான் தரையைக் கூட்டிக் கழுவி முடிக்கும்வரை அசையமாட்டார். எதிரே அவர் கையால் போட்ட கீரைப் பாத்திகள், கொய்யா மரம், முள்வேலி. வேலிக்கு அப்பால் சேற்று நிலமும் காடும். கம்யூனிஸ்டுகள் காட்டில் பதுங்கிப் போராடிய அந்த அவசரகாலத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எல்லோருக்கும் பயம். அவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பார். கொய்யா இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிட்டு, இலைகளை ஒட்டி வீடு செய்யும் முசுறு எறும்பு, மழைக்கு முன் தாழப் பறக்கும் தட்டான், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கானாங்கோழிகள்மீது தனிப் பிரியம். கரிய முதுகும் வெள்ளை நெஞ்சுமாக ஒரு ஜோடி, கரித்துண்டு போன்ற குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, தினமும் காலையில் வேலிக்கடியில் நுழைந்து பாத்தியில் புழு பொறுக்கும்.

ஒரு வாரம் அவை வரவில்லை. ஐயாவின் கோப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

“அங்க யாரோ இருக்காங்க தங்கச்சி. குஞ்சு வச்சிருக்கற கோழி சும்மா எடத்த விட்டுப் போவாது,” என்றார் தாழ்ந்த குரலில். “யார்கிட்டயும் சொல்லிடாத.”

மறுநாள், அட்டைக்கடிப் புண்ணுக்குக் கட்டுப்போட வழக்கமாக வரும் போலீஸ் சார்ஜன் வந்தார். எங்கள் தமிழாள்தான். காலை நீட்டி உட்கார்ந்தவர் பின்பக்கம் எட்டிப் பார்த்து, “என்ன டிரெசர், ஒங்க கோழிங்கள காணோம்லா?” என்றார். பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்த ஐயாவின் கை நின்றுவிட்டது. உடும்பு தின்றிருக்கும் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என நினைத்தேன். அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் கங்காணியை வேலை செய்யும் வேலைக்காட்டிலேயே கம்யூனிஸ்டுகள் சுட்டுப் போட்டிருந்தார்கள். அந்த உடம்பைக் கழுவித் துடைத்து வீட்டாரிடம் கொடுத்தவர் இவர். கட்டுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, “சேத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும்போல,” என்றார்.

அடுத்த நாள் காலையில் வெடிச்சத்தம் கேட்டது. மதியம் ஒரு சீனப் பையனின் உடலைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தார்கள். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. துப்பாக்கி இல்லை. ஒரு தகர டின்னில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. பாதம் அழுகிப் பருத்திருந்தது. எலும்பும் தோலுமான உடம்பில் விலாவுக்கடியில் வீங்கியிருந்த மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த ஐயா, “மலேரியா காய்ச்சல்காரன். இவனால நடக்கவே முடிஞ்சிருக்காது,” என்றார். “காட்டுல இருந்தவன்தானே டிரெசர்,” என்ற சார்ஜன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ்காரர்கள் படமெடுத்துவிட்டு வெளியே போனதும், ஐயா வெந்நீர் கேட்டார். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, உயிரோடு இருப்பவனுக்குக் கட்டுவதுபோல இறுக்காமல் புதுத்துணி சுற்றினார். தேடிவர யாருமில்லாததால் தோட்டத்து இடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள்.

சில நாளில் கானாங்கோழிகள் திரும்பி வந்தன, குஞ்சுகள் குறைந்திருந்தன. ஓடிப்போய்ச் சொன்னேன். மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. அதன்பிறகு அவர் படியில் உட்காரவே இல்லை. இன்று பாயா ரும்புட்டில் என் மகன் வீட்டுப் பின்கால்வாயில் அதே பறவைகள் அச்சமில்லாமல் நடக்கின்றன. பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுக்கிறார்கள். அவை வராமல் போனதன் காரணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதற்காக ஓர் உயிர் போன காலமும் இருந்தது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது எனத் தெரியவில்லை.

அந்தப் பையனைப் புதைத்துச் சில மாதங்கள் கழித்து, சீனர்களை வேலிக்குள் குடியேற்றியிருந்த சிம்பாங் அம்பாட் பக்கத்துப் புதுக்கிராமத்திலிருந்து ஒரு சீன அம்மாள் வந்தார். இத்தனை நாள் பயந்து வராமல் இருந்தாராம். மகனை எங்கே புதைத்தார்கள் என்று உடைந்த மலாயில் கேட்டார். ஐயா பட்டப்பகலில் ஆஸ்பத்திரியைச் சாத்திவிட்டு, அவரைத் தாமே அழைத்துப் போனார். தூரத்திலிருந்து பார்த்தேன். ஐயா தலையைக் குனிந்தபடி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் வெகுநேரம் மண்ணைப் பார்த்து நின்றார். பிறகு ஐயாவிடம் ஏதோ கேட்டுவிட்டு பஸ் ரோட்டுக்கு நடந்து போய்விட்டார்.

திரும்பி வந்த ஐயா கை கழுவிக்கொண்டே சொன்னார். “நான்தான் போலீசுக்குச் சொன்னேன்னும், அவன் காய்ச்சல்ல கெடந்தான்னும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க ஐயா?”

துண்டை எடுத்து, ஈரம் போன பிறகும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“காய்ச்சல் அவனுக்கு எத்தன நாளா இருந்துச்சுன்னு கேட்டாங்க.”