அம்மாவுக்குக் கிடைத்த தனி இடம்

எழுபதுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே இந்தியாக்காரர்கள் என்று சொல்லி எங்களை விரட்டினார்கள். சொந்த ஊர் என்று திருவண்ணாமலைக்கு வந்தால், இங்கே சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம். தெருவில் ஒரு கோழி காணாமல் போனால் முதலில் எங்கள் வீட்டு அடுப்பைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கோழிகளையெல்லாம் நாங்கள் தின்றிருந்தால் நான் இவ்வளவு ஒல்லியாக வளர்ந்திருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு ஆறு வயது. கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில் ஒருவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தார்கள். செடியிலிருந்து கடலைக்காயை ஆய்ந்தெடுக்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. பெண்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்து ஆய்ந்தார்கள். அம்மாவுடையதோ இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த கை. இரண்டு கையாலும் பறித்து, முதுகில் தொங்கும் கூடைக்குள் தோளுக்கு மேலாக வீசியே பழக்கம். அன்றும் தன்னை அறியாமல் காய்களைப் பின்னால் வீசிக்கொண்டே இருந்திருக்கிறாள். மதியத்துக்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குவியல் சேர்ந்துவிட்டது.

"இங்க பாருங்க, சிலோன்காரி பின்னால பதுக்கி வெச்சிருக்கா!" என்று பக்கத்தில் இருந்தவள் கத்தினாளாம்.

"கூடைப் பழக்கங்க, கை தானா போயிருச்சு" என்றாளாம் அம்மா. எல்லோரும் சிரித்தார்களாம். கூடை எங்கே என்று கேட்டார்களாம். தன் கைப்பழக்கத்துக்குக்கூட ஒரு மனுஷி சாட்சி கொண்டுவர வேண்டுமா? நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"நீ போய் புளியமரத்தாண்ட தனியா குந்து" என்று நிலத்துக்காரர் தீர்ப்புச் சொன்னார். தன் மச்சானைக் காவலுக்கு வைத்தார். சாயங்காலம் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் அம்மா வீட்டுக்குப் போகலாம்.

இதெல்லாம் பல வருடம் கழித்து அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் வரப்பில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், மற்றவர்கள் வெயிலில் காய, எங்கம்மாவுக்கு மட்டும் நிழல்! போதாததற்குப் பேச்சுத்துணைக்கு ஓர் ஆள். மற்ற பிள்ளைகளுக்குப் பழிப்புக் காட்டினேன். சாயங்காலம் அம்மாவோடு நானும் பாவாடையை உதறிக் காட்டிச் சிரித்தேன். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

இனிமேல் அங்கே போக வேண்டாம் என்றார் அப்பா.

"நான் நின்னுட்டா, திருடினதுன்னே ஆயிடும்" என்று அம்மா மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். நான்காம் நாள், கப்பலில் கொண்டுவந்த கொழுந்துக் கூடையைப் பரணிலிருந்து இறக்கி எடுத்துப்போனாள். கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஆய்ந்து பின்னால் வீசினாள். ஒரு காய்கூடக் கீழே விழவில்லை. வரிசையில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அன்று கத்தியவளே எழுந்து வந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, வெயிலானா பரவால்ல, என்னாண்ட வந்து குந்துக்கா" என்றாள்.

மன்னிப்பா? அதை ஒருவரும் கேட்கவில்லை. நிலத்துக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா கூடையோடு போய் வரிசையில் உட்கார்ந்தாள். நான் மரத்தடியை விட்டு வர மாட்டேன் என்று புரண்டு அழுதேன். எங்கள் நிழலைப் பிடுங்கிக்கொண்டாள் என்று, அம்மாவைக் கூப்பிட்ட அந்த அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மாவோ சுள்ளென்ற வெயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாவுக்குக் கொஞ்சம்கூட ரோஷமே இல்லை என்று நினைத்தேன்.