புதுப் பானையும் பழைய குச்சியும்

உடுவிலில் நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரருக்குச் சிறுகுறிஞ்சாக் குடிநீர் காய்ச்சிக் கொடுக்கிறேன். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றவேண்டும். வற்றிய உயரத்தைப் பார்க்க ஒரு குச்சியில் வெட்டு வைத்திருந்தேன்.

பழைய பானை வெடித்ததால் ஒடுக்கமான புது மண்பானை வாங்கினேன். மருந்தும் தண்ணீரும் வழக்கமான அளவுதான், குச்சியையும் மாற்றவில்லை. வழக்கமாக ஆறு போத்தல் வரும். அன்று மூன்றுதான் வந்தது. புதுப்பானை உறிஞ்சியிருக்கும் என்று நினைத்து மூன்றையும் மூன்று வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை சண்டிலிப்பாயிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள்.

"அக்கா, குடிநீர் குடிச்சாப்பிறகு இவருக்கு வேர்த்து நடுங்குது."

"சீனி குறைஞ்சிட்டுது போலை. சீனித்தண்ணி குடுத்து உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

போனை வைத்ததும் பானையின் ஒடுக்கம் கண்ணில் பட்டது. அதே உயரத்தில் பாதிக் குடிநீர்தான் நின்றிருக்கிறது. மருந்து இரண்டு மடங்கு தடிப்பு.

அடுத்த தெருவுக்குக் கொடுத்த போத்தலைத் திருப்பி வாங்கிவிட்டேன். மூன்றாவதை வாங்கிய கந்தையா அண்ணை வீட்டில் இல்லை, போனும் எடுக்கவில்லை. அவருடைய வாசற் படலையடியில் இருக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஒரு மணித்தியாலம் போனது. கோயிலால் திரும்பி வந்த அண்ணை சொன்னார்:

"இண்டைக்கு விரதம் பிள்ளை. போத்தல் இன்னும் திறக்கேல்லை."

தங்கச்சியின் கணவர் அன்று பின்னேரமே தேறிவிட்டார்.

இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தகரப் பேணி குடிநீரை முற்றாக வற்றவிட்டு, மிஞ்சுவதைத் தராசில் நிறுக்கிறேன். நிறை ஒத்துவராவிட்டால் அவ்வளவும் வாழையடிக்குத்தான். போத்தல் குறைந்தால் பானையைச் சாட்டுவதில்லை.