பூக்காரம்மா ஊற்றிய பெட்ரோல்

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு, வாரத்தில் இரண்டு நாள் நகரியிலிருந்து திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவேன். அந்த நாட்களில் எங்கள் பவர்லூம் தறியை என் மனைவி பார்த்துக்கொள்வாள். வீட்டில் இருந்த பழைய காரை நானே ஓட்டினேன்.

ஒருநாள் காலை திருப்பதிக்குள் நுழையும் முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பாலம் வேலை. திருமலைக்குப் போகிற பஸ்களும் வேன்களும் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. நைனாவுக்கு மூச்சு வாங்கியதால் ஏசியை நிறுத்த மனம் வரவில்லை. பெட்ரோல் முள் சிவப்பில் இருந்தது. பங்க் பக்கம்தானே என்று இருந்துவிட்டேன். ஒரு மணி நேரமாகியும் நூறடிகூட நகரவில்லை. இன்ஜின் குலுங்கி நின்றுபோனது.

பின்னால் ஒரே ஹாரன் சத்தம். இறங்கினேன். மொபெட்டில் பூமூட்டையோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏமண்ணா, இன்னா ஆச்சு?”

“பெட்ரோல் தீந்துபோச்சும்மா. நைனாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்.”

நைனாவின் வீங்கிய முகத்தைப் பார்த்தவர், உடனே மொபெட்டை ஓரமாக நிறுத்தினார். மொபெட்டின் பெட்ரோல் டியூபைக் கழற்றி, என் காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்தார். இன்னொரு பாட்டிலை அறுத்துப் புனலாக்கிக் காரில் ஊற்றினோம்.

“உனக்கு வேணாமாம்மா?”

“மார்க்கெட்டு கிட்டத்தான். மிச்சம் போதும். உடனே ஸ்டார்ட் பண்ணாதண்ணா, முன்னாடி வண்டி நவுரட்டும். நின்னுக்கினே எரிச்சா இதுவும் வீணாப்பூடும்.”

கதவுகளைத் திறந்து வைத்து, ஒரு அட்டையை எடுத்து நைனாவுக்கு விசிறத் தொடங்கினார். வெயிலில் பூ வாடுமே என்றேன். “தண்ணி தெளிச்சிக்கலாம்,” என்றார். நைனா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வழி கிடைத்ததும், “நீ போண்ணா,” என்று ஒதுங்கி நின்றார். அவசரத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் எங்கள் முறை தாண்டிப்போயிருந்தது. ஆனாலும் நர்ஸம்மா திட்டாமல் மதியம் ஒரு மெஷினை ஒதுக்கித் தந்தார்.

பிறகு பூ மார்க்கெட்டில் பலமுறை அந்த அம்மாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்த அந்த நாளின் சாயங்காலம் மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது. பல நாளாகச் சோற்றைத் தள்ளி வைத்த நைனா, வீட்டுக்குள் நுழைந்ததும் என் மனைவியிடம் கேட்டார்: “பசிக்குதும்மா. துன்றதுக்கு இன்னா கீது?”